திருநாள் யாருக்கு?

எச்சமயத்தைச் சார்ந்த மக்களாயினும், ஆண்டில் சில நாட்களைத் தெரிந்தெடுத்து அவற்றிற்குத் திருநாள் என்று பெயரிட்டிருக்கின்றனர். உழைத்த உடலுக்கு ஓய்வும், பிரிந்திருந்த உற்றாருக்குக் கூடலும், கவலையில் ஆழ்ந்த உள்ளத்திற்குக் கடவுள் நினைவும் கிடைக்க வேண்டுமென்பதே அந்நாட்களின் நோக்கம். நோக்கம் நன்றே. ஆயினும், ஒரு வீட்டிற்குத் திருநாள் வந்தது என்று நாம் சொல்லும்போது, அவ்வீட்டிலுள்ள எல்லோருக்கும் அது வந்ததா என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? ஐவர் வாழும் வீட்டில் நால்வருக்கு ஓய்வையும் ஒருத்திக்கு இருமடங்கு வேலையையும் தருகின்ற நாளைத் திருநாள் என்றழைப்பது தகுமா? ஈண்டு நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

இக்கேள்வி எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவானது. தீபாவளிக்கு விடியுமுன் எண்ணெய் காய்ச்சுபவளும், பொங்கலுக்கு வாசல் மெழுகுபவளும், கிறிஸ்மஸுக்கு மாவு பிசைபவளும் தாயே அன்றோ? எனினும், இன்று கிறிஸ்துவத் தமிழ்க் குடும்பத்தின் தாயை முன்னிறுத்திப் பேச விரும்புகிறோம். அவளுடைய சமயம் ஓய்வை அவரவர் விருப்பத்திற்கு விட்டுவிடவில்லை, கட்டளையாகவே விதித்திருக்கிறது. ஓய்வு கடமையென்று போதிக்கப்படும் வீட்டிலேயே தாய்க்கு ஓய்வில்லையெனில், மற்ற வீடுகளைப் பற்றி நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

கிறிஸ்மஸ் காலத்து வீட்டை நோக்குங்கள். திருநாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே தாயின் வேலை தொடங்கிவிடுகிறது. முறுக்கு, அச்சு முறுக்கு, அதிரசம், நெய்யுருண்டை என்று டின்கள் நிரம்ப வேண்டும். திரைச்சீலைகளைக் கழற்றித் துவைக்க வேண்டும். பிள்ளைகளின் புத்தாடை அளவு சரியாவென்று பார்க்க வேண்டும். 24ஆந் தேதி பகல் முழுதும் இறைச்சி கழுவி, மசாலை அரைத்து, வெங்காயம் நறுக்கி வைத்துவிட்டு, நடுச்சாமப் பூசைக்கு எல்லோரையும் புறப்படச் செய்தபின், தான் கடைசியாகச் சேலை மாற்றிக்கொண்டு ஓடுகிறாள். பாலன் பிறந்தான் என்று கோயில் முழுதும் பாடும் வேளையில் அவள் கண்கள் மூடுமாயின், அது தியானமன்று, அயர்வு. வீடு திரும்பியதும் மற்றவர் உறங்க, அவள் அடுப்பைப் பற்ற வைக்கிறாள்.

பொழுது விடிந்தால் மலாய், சீன, இந்து நண்பர்கள் வருவார்கள். திருநாளன்று யாவருக்கும் வீட்டைத் திறந்து விருந்தளிப்பது இந்நாட்டிற்குப் பெருமை தரும் வழக்கமே. முஸ்லிம் நண்பர்களுக்கு ஹலால் கோழி வாங்கித் தனிப் பாத்திரத்தில் சமைக்க வேண்டும். சைவ உணவினருக்கு வேறு கறி வேண்டும். வீட்டுத் தலைவர் கூடத்தில் அமர்ந்து இன ஒற்றுமையைப் பற்றி அழகாகப் பேசுகிறார். அவ்வொற்றுமையை அடுப்படியில் நின்று சமைத்தவள் யாரென்பதை மட்டும் அவர் சொல்வதில்லை.

ஆண்டிற்கொரு முறைதானே என்று சிலர் கூறுவர். வாரந்தோறும் நடப்பது என்ன? ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகுமுன் காலைப் பலகாரம். திரும்பியபின் மற்ற நாட்களினும் பெரிய மத்தியான உணவு. அன்பியக் கூட்டம் வீட்டிற்கு முறை வந்தால், செபமாலை கூடத்தில் நடக்கும்; அவள் மறுமொழி சொல்லும் குரல் அடுப்படியிலிருந்து கேட்கும். பீடத்திற்கு மலர் வைப்பது, பீடத் துணிகளை வெளுத்துத் தேய்ப்பது, நோயுற்றோர் வீட்டிற்குக் கஞ்சி கொண்டு செல்வது, துக்க வீட்டில் வந்தவர்களுக்குக் காப்பி கலப்பது ஆகிய இவையும் பெரும்பாலும் தாய்மாரின் கைகளுக்கே வந்து சேர்கின்றன. கத்தோலிக்க வீட்டில் காணும் இந்நிலையை மெதடிஸ்டு வீட்டிலும் லுத்தரன் வீட்டிலும் சிறிது பெயர் மாற்றத்தோடு காணலாம்.

இது நேற்றுத் தோன்றிய நிலையன்று. தோட்டப்புறத்தில் வாழ்ந்த நம் பாட்டிமாரை நினைத்துப் பாருங்கள். இருள் பிரியுமுன் எழுந்து, சோறு பொங்கி, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டு, பெரட்டுக்கு நின்று, கணவனோடு சமமாகக் கித்தா மரம் வெட்டியவர்கள் அவர்கள். ரப்பர் விலை வீழ்ந்த 1930ஆம் ஆண்டில் தோட்டக் கூலியைக் குறைத்தபோது, ஆணின் நாட்கூலி 50 காசிலிருந்து 40 காசாகவும், பெண்ணின் நாட்கூலி 40 காசிலிருந்து 32 காசாகவும் ஆக்கப்பட்டது. பெண்ணுக்கு 8 காசு குறைவாகக் கொடுக்கப்பட்ட அநீதி கணக்குப் புத்தகத்திலாவது பதிவாயிற்று. லயத்திற்குத் திரும்பியபின் அவள் செய்த வேலையோ எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. இன்று தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுப் போயின. மக்கள் தாமான்களிலும் அடுக்கு வீடுகளிலும் குடியேறிவிட்டனர். பெரட்டு ஓய்ந்தது, அடுப்படி ஓயவில்லை.

இனி வேதத்தை நோக்குவோம். யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தில் ஓய்வு நாளைப் பற்றிய கட்டளை வருகிறது. அந்நாளில் வேலை செய்யலாகாதவர் யார் யார் என்று அது ஒரு வரிசையே தருகிறது. நீ என்று தொடங்கி, மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மிருக ஜீவன், வாசலுக்குள் தங்கிய அந்நியன் என்று முடிகிறது. மாட்டிற்கும் ஓய்வு உண்டு, வழிப்போக்கனுக்கும் உண்டு. மனைவி என்ற சொல் மட்டும் அவ்வரிசையில் இல்லை!

இதற்கு இரண்டு பொருள் கொள்ளலாம். மனைவி கணவனுக்குச் சமமானவளாதலால், நீ என்ற சொல்லிலேயே அவளும் அடங்கிவிட்டாள் என்பது ஒன்று. அவள் ஓய்ந்தால் மற்றவர் ஓய்வு நடவாதாகையால், அவளை விட்டுவிட்டனர் என்பது மற்றொன்று. இவற்றுள் எது மெய்? அதே ஆகமத்தின் 35ஆம் அதிகாரம் இதைத் தீர்த்து வைக்கிறது. ஓய்வு நாளில் வீடுகளில் நெருப்பே மூட்டலாகாது என்று அங்கே விதிக்கப்பட்டிருக்கிறது. மன்னாவைப் பற்றிக் கூறும் 16ஆம் அதிகாரமும், வேண்டியதை முதல் நாளே சமைத்து வைத்துக்கொள்ளச் சொல்கிறது. அடுப்பே அணைந்திருக்க வேண்டுமென்றால், அடுப்பின் முன் நிற்பவளும் ஓய்ந்திருக்க வேண்டுமென்பது சொல்லாமலே விளங்கவில்லையா? ஆகவே முதற்பொருளே நேர்மையானது. நம் இல்லங்களோ, வாயால் முதற்பொருளைச் சொல்லிக்கொண்டு, நடக்கையில் இரண்டாம் பொருளைக் கைக்கொண்டிருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை அடுப்பு மூட்டலாகாது என்று நாம் சட்டம் பேச வரவில்லை. விதியின் எழுத்தை விட, அதன் காரணமே நமக்கு வேண்டுவது. அக்காரணத்தை உபாகமம் 5ஆம் அதிகாரம் கூறுகிறது. எகிப்தில் நீ அடிமையாயிருந்தாய் என்பதை நினை. ஆகவே உன்னைப் போலவே உன் வேலையாட்களும் இளைப்பாறட்டும் என்பது அதன் கருத்து. ஓய்வு என்பது சோம்பலன்று. தான் அடிமையல்லன் என்பதற்கு ஒரு மனிதன் பெற்ற சான்று. கங்காணியின் குரலுக்கு எழுந்து, கிராணியின் பேரேட்டில் வாழ்ந்த மக்களின் வழித்தோன்றல்களாகிய நமக்கு இக்கருத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை. பிறர் நம்மை ஓயவிடாதிருந்ததை அநீதி என்று கண்டோம். நாம் ஒருத்தியை ஓயவிடாதிருப்பதை மட்டும் பாசம் என்று எப்படிச் சொல்வது?

சிலர் மார்த்தாளின் கதையை எடுத்துக் காட்டுவர். இயேசு வீட்டிற்கு வந்தபோது மரியாள் அவர் பாதத்தருகே அமர்ந்து கேட்டாள். மார்த்தாள் பற்பல வேலைகளால் வருந்தி முறையிட்டாள். மரியாளே நல்ல பங்கைத் தெரிந்துகொண்டாள் என்று அவர் கூறினார். இதைப் பிரசங்கிக்கும் பெரியோர்கள், தாய்மார்களே, நீங்களும் மரியாளைப் போல் அமர்ந்து கேளுங்கள் என்கின்றனர். மிக நன்று. அவள் அமர்ந்தபின் அடுப்படிக்குப் போவது யார்? அதை அவர்கள் சொல்வதில்லை. பிரசங்கம் முடிந்ததும் அவர்களே, சாப்பாடு ஆயிற்றா என்று கேட்கின்றனர்!

இதற்கு விடை வேதத்திலேயே இருக்கிறது. யோவான் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தில், இரவெல்லாம் வலை வீசிக் களைத்த சீடர்கள் கரைக்கு வருகின்றனர். அங்கே கரி நெருப்பு எரிகிறது, அதன்மேல் மீன் இருக்கிறது, அப்பமும் இருக்கிறது. உயிர்த்தெழுந்த ஆண்டவரே காலை உணவை ஆயத்தம் செய்து, வந்து சாப்பிட அழைக்கிறார். மரித்து எழுந்தவருக்கு அடுப்பு மூட்டுவது இழிவாகத் தோன்றவில்லை. அவரைப் பணிகின்ற ஆடவருக்கு மட்டும் அது ஏன் இழிவாகத் தோன்ற வேண்டும்?

பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கையும் நினைத்துப் பாருங்கள். குருவானவர் மண்டியிட்டுப் பன்னிருவரின் பாதங்களைக் கழுவித் துடைப்பது கண்ணில் நீர் வரச் செய்யும் காட்சி. ஆயினும் கத்தோலிக்கத் திருச்சபையின் விதிப்படி, நெடுங்காலம் ஆடவரின் பாதங்களே அதற்குத் தெரிந்தெடுக்கப்பட்டன. வீட்டிலுள்ள எல்லோரையும் குளிப்பாட்டி, எல்லோருடைய துணியையும் துவைத்தவளின் பாதம் அவ்வரிசையில் இடம் பெறவில்லை. 2016ஆம் ஆண்டு ஜனவரியில் போப் பிரான்சிஸ் பிறப்பித்த ஆணையால் அவ்விதி மாறிற்று. இன்று மாதரின் பாதங்களும் கழுவப்படலாம். கோயிலின் விதியே மாறுமாயின், வீட்டின் வழக்கம் மாறலாகாதா?

நாங்கள் தாயைப் போற்றவில்லையா, அன்னையர் தினம் கொண்டாடவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. அத்தினத்தின் வரலாறே நமக்கு ஒரு பாடம். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஆன் ரீவ்ஸ் ஜார்விஸ் என்னும் மாது வாழ்ந்தார். பதின்மருக்கு மேல் பிள்ளைகளைப் பெற்றும் நால்வரை மட்டுமே வளர்த்து ஆளாக்கும் பேறு பெற்ற தாய் அவர். 1858ஆம் ஆண்டில் அவர் அமைத்த தாய்மார் சங்கங்கள் நோயாளிகளுக்கு மருந்து வாங்கிக் கொடுத்தன; பாலின் தூய்மையைப் பரிசோதித்தன; தாய் காசநோயால் படுத்துவிட்ட வீடுகளில் வேலை செய்ய ஆள் அமர்த்தின. தாய்மாரின் பெயரால் அன்று நடந்தது, தாயின் தோளிலிருந்து சுமையை இறக்கும் வேலை.

அவர் காலமானபின், அவருடைய மகள் அன்னா ஜார்விஸின் முயற்சியால், தாயார் ஞாயிறு பள்ளி நடத்திய கிராப்டன் நகரத்து மெதடிஸ்டுக் கோயிலில் 1908ஆம் ஆண்டு மே 10ஆந் தேதி நினைவு வழிபாடு நடந்தது. 1914ஆம் ஆண்டில் ஜனாதிபதி வில்சன் மே மாதத்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையை அன்னையர் தினமாக அறிவித்தார். பிறகு என்ன ஆயிற்று? பூக்கடைக்காரரும் மிட்டாய்க் கடைக்காரரும் வாழ்த்து அட்டை அச்சிடுவோரும் அதைப் பிடித்துக்கொண்டனர். அத்தினத்தை உண்டாக்கிய மகளே, 1948ஆம் ஆண்டில் இறக்கும் முன் பல்லாண்டு காலம் அவ்வணிகத்தை எதிர்த்துப் போராட நேர்ந்தது. தாயின் சுமையை இறக்கிய வேலை மறைந்தது. தாய்க்குப் பூக் கொடுக்கும் வழக்கம் நின்றது. பூக் கொடுப்பது பிழையன்று. சுமையில் கை வைக்காமல் பூவை மட்டும் கொடுப்பது, கடனைத் தீர்க்காமல் கடன் கொடுத்தவரைப் புகழ்வது போன்றதாகும்.

இவற்றிற்கெல்லாம் எதிராக வலிமையான வாதம் ஒன்று உண்டு. அதை நாம் மறைக்க விரும்பவில்லை. தாய் இவற்றை மகிழ்ந்தே செய்கிறாள். பிள்ளைகள் உண்பதைக் கண்டு அவள் வயிறு நிறைகிறது. அவ்வேலையைப் பறிப்பது அவள் பெருமையைப் பறிப்பதாகாதா என்பதே அவ்வாதம். சிலப்பதிகாரத்துக் கண்ணகியே இதற்குச் சான்றாகலாம். மதுரைப் புறஞ்சேரியில் கோவலனிடம் பேசும்போது, அறவோரைப் பேணவும் விருந்தினரை எதிர்கொள்ளவும் இயலாதவாறு தான் இழந்து நின்றதையே அவள் தன் குறையாகக் கூறுகிறாள். விருந்தோம்புதலை அவள் சுமையாகக் கருதவில்லை, உரிமையாகக் கருதினாள்.

இவ்வாதத்தில் உண்மை உண்டு. கொடுப்பதில் மகிழ்ச்சி இல்லையென்று சொல்பவன் தாயை அறியாதவன். ஆனால் கண்ணகி சொன்னதை ஊன்றி நோக்குக. கணவன் பிரிந்ததால் அவள் அந்த அறத்தை இழந்தாள். வீட்டில் அடுப்பு இல்லையா? கை இல்லையா? எல்லாம் இருந்தும், விருந்தோம்பல் இருவர் கூடிச் செய்யும் அறமாதலால், ஒருத்தியால் அது நிறைவேறவில்லை. அவ்வறத்தில் பாதியைத் தாயிடம் முழுச் சுமையாக்கிவிட்டு, மறுபாதியாகிய புகழை மட்டும் தந்தை ஏற்றுக்கொள்வதைக் கண்ணகியின் பெயரால் நியாயப்படுத்த முடியாது.

அன்பினால் கொடுப்பதையும் வழக்கத்தினால் வாங்கப்படுவதையும் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. இன்று என்னால் இயலாது என்று தாய் சொன்னால் வீட்டில் என்ன நடக்கும்? ஒருவர் எழுந்து அரிசி களைவாராயின், அவள் நாள்தோறும் கொடுத்தது அன்புக் கொடை. முகங்கள் சுருங்கி, உறவினர் முன் குறை பேசப்படுமாயின், அவளிடமிருந்து நாம் பெற்றது கொடையன்று, வரி. மறுக்கும் உரிமை உள்ள இடத்தில்தான் கொடுக்கும் பெருமையும் உண்டு.

சமையல் ஆடவரின் இயல்புக்கு ஒவ்வாது என்பார்க்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கலியாணப் பந்தலில் அண்டா வைத்துச் சமைப்பவர் பெரும்பாலும் யார்? தோட்டத்துக் கோயில் திருவிழாவில் அன்னதானச் சோற்றை வடித்தவர் யார்? ஆயிரம் பேருக்குப் பருப்பு வேகவைக்கத் தெரிந்த ஆண்மக்களுக்கு, ஐந்து பேருக்கு வேகவைக்கத் தெரியாது என்பது நம்பத்தக்கதன்று. ஊரறியச் செய்தால் அது தொண்டு. வீட்டிற்குள் செய்தால் பெண் வேலை! பேதம் இயற்கையில் இல்லை; நம் மனத்தில் இருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். தாய்க்கு ஓய்வு கொடுக்கிறோம் என்று சொல்லி, மருமகளின் தலையில் அவ்வேலையைச் சுமத்துவது சீர்திருத்தமாகாது. அயல்நாட்டிலிருந்து பிழைக்க வந்த பணிப்பெண்ணின் தலையில் சுமத்துவதும் ஆகாது. அவளும் தன் ஊரில் ஒரு தாயாக இருக்கலாம். வேலைக்காரிக்கும் ஓய்வு உண்டென்று வேதம் பெயர் சொல்லியே விதித்திருக்கிறது. சிங்கப்பூரின் சட்டம் 2013ஆம் ஆண்டு முதல் பணிப்பெண்ணுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு, அல்லது அதற்கு ஈடான ஊதியம் உண்டென்றது. 2023ஆம் ஆண்டு முதல், மாதத்தில் ஒரு நாள் ஓய்வையேனும் பணம் கொடுத்து ஈடுசெய்ய முடியாதென்றும் வரையறுத்தது. ஊதியம் பெறுபவளைச் சட்டம் நினைத்தது. ஊதியமே பெறாதவளை நினைக்க நம் மனச்சாட்சியன்றி வேறு சட்டம் இல்லை.

அப்படியாயின் செய்யத்தக்கது யாது? பெரிய காரியம் ஒன்றுமில்லை. ஆண் பிள்ளைகளுக்கும் பத்து வயதிலேயே உலை வைக்கக் கற்றுக்கொடுங்கள். அன்பியக் கூட்டம் வீட்டிற்கு வரும் நாளில் தேநீரும் பிஸ்கட்டும் போதுமென்று கூட்டத்தாரே முடிவு செய்யுங்கள். கோயில் திருவிழா விருந்தில் பரிமாறவும் பாத்திரம் கழுவவும் ஆடவர் முறை எடுத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்மஸுக்குப் பத்து வகைப் பலகாரம் இருந்த இடத்தில் மூன்று வகை இருந்தால், பிறந்த பாலன் கோபித்துக்கொள்ள மாட்டான். அவன் பிறந்த இடம் மாட்டுத் தொழுவம். குருமாரும் போதகரும் தாயின் தியாகத்தைப் புகழும் பிரசங்கத்தை ஓராண்டு நிறுத்திவைத்து, தந்தையின் கடமையைப் பற்றிப் பேசுவார்களாக.

புக்கிட் மெர்த்தாஜாமில் புனித அன்னம்மாளின் ஆலயம் இருக்கிறது. ஜூலை 26ஆந் தேதி வரும் அவரது திருநாளையொட்டி, தமிழர், சீனர் என்ற வேற்றுமையின்றி மக்கள் திரள் திரளாக அங்கே கூடி மெழுகுவர்த்தி ஏற்றுகின்றனர். மரியாளின் தாய் என்று மரபு போற்றும் அந்த அன்னம்மாளின் பெயர் சுவிசேஷங்களில் ஓரிடத்திலும் வரவில்லை. எழுதப்படாத ஒரு தாயை நினைவில் வைத்துக்கொள்ள நம் மக்கள் அறிந்திருக்கிறார்கள். மலையடிவாரத்தில் மெழுகுவர்த்தி ஏற்றும் அதே கைகள், வீடு திரும்பியதும் அங்கே எழுதப்படாதிருக்கும் தாயின் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொள்ளட்டும். பூசையின் தொடக்கம் முதல் முடிவு வரை, அடுப்பைப் பற்றிய நினைவின்றி அவள் அமர்ந்திருக்கும் நாளே அவ்வீட்டிற்கு வந்த திருநாள் என்பது நம் துணிபு.